லோடு நின்ற இரவு

ஆறுமுகநேரிக்குக் கிழக்கே
அளத்துப் பாதையில்
அச்சு வரைக்கும் புதைந்தது வண்டி.
சித்திரையில் பெய்யக் கூடாத மழை
கொட்டிவிட்டுப் போயிருந்தது.
பத்து டன் உப்பு மேலே.
தார்ப்பாயில் மூன்று ஓட்டை.

"நீ இங்கனயே கெட, ஏல.
ஜேசிபி கிடைச்சா ராவுலயே வாரேன்.
இல்லன்னா விடிஞ்சுதான்."
ஆசீர் அண்ணன் டார்ச்சோடு
வரப்பில் இறங்கிப் போனார்.
வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போனது,
மறையவில்லை.
மறைக்க இங்கே
ஒரு பனை கூட இல்லை.

ஆறு வருசமாக வருகிறேன் இந்த அளத்துக்கு.
வெயிலில் வந்து வெயிலில் போவேன்.
பாத்திகள் கண்ணைக் குத்தும்.
பெண்கள் தலையிலிருந்து
பெட்டி சரிகிற சத்தத்தை எண்ணுவேன்.
எடை, டிரிப், படிக்காசு.
தரையை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

ஒன்பது மணி போல மேகம் விலகியது.
பாத்திக்குப் பாத்தி
இரண்டு விரல் தண்ணீர்.
காற்று இல்லை.
நிலா இன்னும் வரவில்லை.

ஒன்றுக்குப் போக இறங்கினேன்.
வடக்கே திரும்பினால்
சப்தரிஷி என் செருப்புக்குப் பக்கத்தில்.
தெற்கே
நாலு வெள்ளி சேர்ந்த சிலுவை
மேலே ஒன்று, கீழே ஒன்று.
கூச்சமாகிவிட்டது.
டயருக்கும் எனக்கும் நடுவே கிடந்த
ஒரு முழ இருட்டில்
முடித்துக்கொண்டேன்.

சித்தப்பா மகன் தேவசகாயம்
பட்டாளத்தில் இருக்கிறான்.
லடாக்கில் எங்கேயோ ஓர் உப்புவெளி,
படம் அனுப்பியிருந்தான் போன தையில்.
"பதினஞ்சாயிரம் அடி.
நின்னா மூச்சு முட்டும்.
பேச்சே வராது."
நான் பதில் போட்டேன்:
"நம்ம ஊர்லயும் உப்புதாம்ல கெடக்கு."

இந்த இடம் கடலுக்கு மேலே
ஒரு முழம் இருக்குமா?
குனிந்து பார்த்தேன்.
கீழே ஆகாயம்.
அதற்கும் கீழே ஆகாயம்.
எத்தனை உயரத்தில் நிற்கிறேனோ
தெரியவில்லை.
வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
பொதிகையில் ஒருதரம் அடைத்தது போல
காது அடைத்தது.

அவனைக் கூப்பிடலாம் என்று
போனை எடுத்தேன்.
என்ன சொல்ல?
அதன் வெளிச்சமே அதிகமாக இருந்தது.
சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

தூரத்தில் தூத்துக்குடி விளக்குகள்
சிவந்து சிவந்து அணைந்தன.
ஓர் ஆள்காட்டி கத்தத் தொடங்கிப்
பாதியில் நிறுத்தியது.
பிறகு
தார்ப்பாய்க்கு அடியில்
ஈரம் இறங்குகிற உப்பு
எப்போதாவது ஒரு தடவை
முறிந்தது,
யாரோ விரல் சொடுக்குவது போல.
அதைக் கேட்பதற்கே
அடுத்த முறிவு வரை காத்திருந்தேன்.
இப்படி எதற்கும்
நான் காத்திருந்தது கிடையாது.

ரெண்டு மணிக்கு மேல்
காயல்பட்டினம் பக்கம் பாதி நிலா.
அப்போதுதான் வெள்ளை வந்தது.
ஒரேயடியாக இல்லை.
கிழக்குப் பாத்தியில் பிடித்து
வரப்பு தாண்டி வரப்பு தாண்டி
என் முட்டி வரை வந்து
பின்னால் மேற்கே போய்விட்டது.
நட்டுவைத்த கல் என்று
இவ்வளவு நேரம் நினைத்திருந்தவை
கால் மாற்றி நின்றன.
நாற்பது, ஐம்பது பூநாரை.
அத்தனையும் உறக்கத்தில்.

உமரிச் செடி ஒன்றைக் கிள்ளிக் கடித்தேன்.
கரிப்பு.
அழவில்லை, சிரிக்கவில்லை.
பசித்தது. அவ்வளவுதான்.

விடிந்து ஜேசிபி வந்தது,
ஊரைக் கூட்டுகிற இரைச்சலோடு.
பறவைகள் எழும்பிப் போனதை
அண்ணன் பார்க்கவில்லை.
"பயந்தியால?"
"உறங்கிட்டேன்."

எடைமேடையில்
நூற்றிருபது கிலோ குறைவு.
ராத்திரி எங்கல போச்சு என்று
ரைட்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.
"கரைஞ்சிருக்கும்" என்றார் அண்ணன்.
நான்
சட்டைப்பையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.